தெஹ்ரானில் ஏழு நாள், ஒரு வயோலாவோடு

முதல் நாள், சனிக்கிழமை, அக்டோபர் 13, 2018

விமானம் கீழே இறங்கத் தொடங்கியதும் பெண்கள் எல்லோரும் கைப்பையைத் திறந்து முக்காட்டை எடுத்தார்கள். யாரும் சொல்லவில்லை, அறிவிப்பும் வரவில்லை. நானும் என் மதுரைச் சுங்குடித் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியமான என் வயோலாவின் பெட்டி மடியில் இருந்தது, பணிப்பெண் இரண்டு முறை மேலே வைக்கச் சொன்னாள், கடைசியில் அவளே வைத்துவிட்டாள்.

சூட்கேஸில் துணிமணி குறைவு, தந்திதான் அதிகம். வயலினுக்கு 20 செட், வயோலாவுக்கு 8, செல்லோவுக்கு 6. எல்லாம் டாமினன்ட் என்ற வகை, வியன்னாவில் செய்பவை. என் ஆசிரியர் ஓஸ்தாத் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "உனக்கு வேண்டியதை இங்கே வாங்கிக்கொள்ளலாம், எங்களுக்கு வேண்டியதை நீ கொண்டுவா."

ஓஸ்தாத் என்றால் ஆசான். இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் பெயரையோ குழுவில் யார் பெயரையுமோ எழுதப்போவதில்லை, அரங்கம் எது என்றும் சொல்லமாட்டேன். எழுதுவதை அன்றன்றைக்கு அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். 1980-இல் ஈரானில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அவருக்கு 20 வயது. வியன்னாவுக்குப் போனார், படித்தார், இசையமைப்பாளர் ஆனார், 34 வருடம் அங்கேயே இருந்தார். நான் அங்கே படிக்கப் போன இரண்டு வருடத்தில் சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், ஒரு காசு வாங்கியதில்லை. 2014-இல் திடீரென்று தெஹ்ரானுக்கே திரும்பிவிட்டார். திரும்பிப் போய் ஒரு ஆர்கெஸ்ட்ரா கட்டுகிறேன் என்றார். அங்கே இருப்பவர்கள் எத்தனையோ பேர் வெளியே வரத் துடிக்கும்போது இவர் ஏன் உள்ளே போகிறார் என்று நான் உட்பட எல்லோரும் கேட்டோம். அந்த ஆர்கெஸ்ட்ராவோடு இந்த வியாழக்கிழமை கச்சேரியில் வாசிக்கத்தான் இப்போது வந்திருக்கிறேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றைக்கு மறுபடி சொன்னார், விமான நிலையத்திலிருந்து வரும் வழியில். "வியன்னாவில் என் இசையை மிக நன்றாக வாசித்தார்கள் தொக்தரம். ஆனால் கொரோன் வரும் இடத்தில் எல்லாம் எண்ணி வாசித்தார்கள். எண்ணாமல் வாசிப்பவர்கள் எனக்கு வேண்டும்." தொக்தரம் என்றால் என் மகளே. கொரோன் என்றால் என்ன என்று நாளைக்கு எழுதுகிறேன், அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

தங்கியிருப்பது அவர் தங்கை வீட்டில். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பாரசீகம் வராது, தேநீரும் கற்கண்டு மாதிரிக் கட்டிச் சர்க்கரையும் வந்துகொண்டே இருந்தன. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். நாலாவது கோப்பையில் பழகிவிட்டது.

இரண்டாம் நாள், ஞாயிறு

இங்கே ஞாயிறு வேலை நாள். சனிக்கிழமைதான் வாரம் தொடங்குகிறது. அதனால் ஒத்திகை சாயங்காலம் ஆறரைக்கு.

ஒத்திகை நடப்பது ஒரு அடுக்குமாடி வீட்டின் ஜீர்ஸமீன், அதாவது நிலத்தடி அறை. படி இறங்கும்போதே செருப்புகளின் வரிசை, 31 ஜோடி. உள்ளே சுவரெல்லாம் பழைய கம்பளம் தொங்கவிட்டிருக்கிறார்கள், அழகுக்கு இல்லை, சத்தம் மேலே போகாமல் இருக்க. மேல் வீட்டுக்காரர்கள் நல்லவர்களாம், இருந்தாலும் ஒன்பதரைக்குமேல் பித்தளை வாத்தியம் கிடையாது. 31 பேரில் 19 பேர் பெண்கள். பலரும் பகலில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவர்கள், ஒருவர் பல் மருத்துவர், ஒரு செல்லோப் பெண் மஷ்ஹதிலிருந்து இரவு ரயிலில் வருகிறாள். அவள் ஊரில் பல வருடமாகக் கச்சேரிக்கு அனுமதியே கிடைப்பதில்லை. மாதத்தில் இரண்டு முறை சுமார் 900 கிலோமீட்டர் வந்து, வாசித்துவிட்டு, அதே ரயிலில் திரும்புகிறாள். பஸூன் என்ற ஊதுவாத்தியம் வாசிக்க ஆள் இல்லை, அந்தப் பகுதியை ஓஸ்தாத் செல்லோக்களுக்குப் பிரித்து எழுதியிருக்கிறார். பியானோ இருக்கிறது, ஆனால் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஏன் என்பது கொரோனால்தான்.

சரி, கொரோன். நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஷூர் என்று அவர்களுக்கு ஒரு தஸ்த்கா இருக்கிறது, ராகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக ராகம் இல்லை, ஒரு பெரிய ராகக் குடும்பம். அதில் ஷட்ஜத்துக்கு அடுத்து வரும் ஸ்வரம் நம் சுத்த ரிஷபமும் இல்லை, சதுச்ருதி ரிஷபமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்தக் கால் ஸ்வரக் குறைவுக்குப் பெயர்தான் கொரோன். காகிதத்தில் ஒரு சின்ன முக்கோணக் கொடி மாதிரி போடுகிறார்கள். பியானோவில் அது இல்லை, பியானோவையே மாற்றிச் சுருதி கூட்டினால்தான் உண்டு. வில் போட்டு வாசிக்கும் கமான்சேயும், மீட்டி வாசிக்கும் தாரும் காலங்காலமாக அதை வாசிக்கின்றன. வயலின் வகை வாத்தியங்களும் வாசிக்கலாம், தடுக்க மெட்டு எதுவும் இல்லையே. பிரச்சினை வேறு இடத்தில்.

ஓஸ்தாத்தின் புதிய படைப்பு, மேற்கத்திய ஸ்வரப் பெயரில் சொன்னால், ஜீ-யை ஆதாரமாக வைத்த ஷூர். அப்படியானால் கொரோன் விழுவது அதற்கு அடுத்த ஏ மேல். எங்கள் எல்லோருக்கும் ஏ என்பது திறந்த தந்தி, விரலே வேண்டாம், ஆர்கெஸ்ட்ராவே அந்த ஏ-க்குத்தான் சுருதி சேர்க்கிறது. இப்போது அந்தத் தந்தியைத் தொடாமல், டீ தந்தியில் நாலாம் விரலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ஏ-க்கு ஒரு நூல் கீழே பிடிக்க வேண்டும். பிடித்தாலும் பக்கத்தில் திறந்த ஏ தந்தி "அங்கே இல்லை, இங்கே" என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பது போலிருக்கிறது. பதினைந்து வருடம் வாசித்த பழக்கம் முழுவதும் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. நான் சின்ன வயதில் கர்நாடக வயலின் கற்றவள், எனக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த ஸ்வரத்தை வழக்கப்படி ஒரு கமகத்தோடு தொட்டேன். ஓஸ்தாத் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"ஆட்டாதே தொக்தரம். நிற்க விடு. அதுக்கும் ஒரு வீடு இருக்கிறது."

அப்புறம் மஷ்ஹத் பெண்ணை வாசிக்கச் சொன்னார். அவள் சும்மா விரலை வைத்தாள், அது அங்கேயே நின்றது, ஆடாமல் அசையாமல், ஏதோ ரொம்ப நாளாக அங்கே குடியிருப்பது போல. வியன்னாக்காரர்கள் எண்ணி வாசித்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சொல்லிக்கொடுக்க வரச் சொன்னார்கள் என்று நினைத்து வந்தேன். இன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

இன்னொரு விஷயம், இது வாசிப்பவர்களுக்குத்தான் புரியும். முக்காடு போட்டுக்கொண்டு வயோலா வாசிக்கும்போது, தாடைக்கும் தாங்கிக்கும் நடுவில் துணி மாட்டிக்கொள்கிறது, பட்டு மாதிரித் துணியாக இருந்தால் வாத்தியமே வழுக்கி இறங்கிவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்த 19 வயதுப் பெண் இடைவேளையில் என் துப்பட்டாவைப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டாள். பருத்தித் துணியைத் தொட்டுப் பார்த்து, "இது நல்லது கானூம், வழுக்காது" என்றாள். கானூம் என்றால் அம்மா என்பது போல மரியாதைச் சொல்.

மூன்றாம் நாள், திங்கள்

பஹாரெஸ்தான் சதுக்கம். நாடாளுமன்றம் இருக்கும் அதே இடத்தைச் சுற்றி வரிசையாக இசைக் கருவிக் கடைகள். தார், செதார், சந்தூர், தொம்பக், நடுவே சீன வயலின்கள். 1979 ஜூலையில் அயதுல்லா கொமேனி இசையை அபினோடு ஒப்பிட்டுப் பேசி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இசை நின்றுபோன காலத்தில், வாத்தியத்தைத் துணியில் சுற்றி மறைத்துத் தெருவில் எடுத்துப்போனவர்கள் இன்றைக்கும் குழுவில் இருக்கிறார்கள். 1988-இல் முறையான நோக்கத்துக்கு வாத்தியம் வாங்கலாம் விற்கலாம் என்று அவரே தீர்ப்பு அளித்தபின்தான் கடைகள் மறுபடி தைரியமாக மூச்சு விட்டன. ஒரு கடைக்காரரிடம் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டேன். கதவைக் காட்டி, "இது அன்றைக்குத்தான் முழுசாகத் திறந்தது" என்றார்.

ஒரு செட் வயலின் தந்தியின் விலை கேட்டேன். ரியாலில் சொல்கிறாரா தோமானில் சொல்கிறாரா என்பதே முதலில் குழப்பம், பத்து ரியால் ஒரு தோமான், எழுதியிருப்பது ரியால், பேசுவது தோமான். பிறகு ஓஸ்தாத் விளக்கினார். ஜனவரியில் ஒரு டாலருக்கு 4,000 தோமான் சொச்சம் இருந்தது, இப்போது வெளிச்சந்தையில் 14,000-க்கும் மேல். மே மாதம் அமெரிக்கா அணு ஒப்பந்தத்திலிருந்து விலகியதிலிருந்து சரிவு வேகமெடுத்தது. குழுவில் பாதிப் பேருடைய மாதச் சம்பாத்தியம் ஒன்றிரண்டு செட் தந்திக்கே போய்விடும். அதனால் அறுந்த தந்தியை முடிச்சுப் போட்டு வாசிக்கிறார்கள், நான் நேற்றுப் பார்த்தேன். தடை என்றால் மதத்தின் தடை மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. பணத்தின் தடை இதைவிடச் சத்தமில்லாமல் ஒரு ஆர்கெஸ்ட்ராவை முடித்துவிடும். 2012 வாக்கில் தெஹ்ரான் சிம்பொனியே சம்பளம் இல்லாமல் நின்றுபோனது, 2015-இல்தான் மறுபடி உயிர் வந்தது. 1933-இல் தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா அது.

திரும்பும் வழியில் வஹ்தத் அரங்கத்தின் வாசலில் நின்றோம். 1967-இல் ரூதகி அரங்கம் என்ற பெயரில் திறந்தது, ஓபெராவுக்காகவே கட்டியது. ஓஸ்தாத் சிறுவனாக அப்பாவோடு இங்கே வந்து மேல் மாடத்திலிருந்து ஓபெரா பார்த்திருக்கிறார். என்ன ஓபெரா என்று நினைவில்லை, பாடிய அம்மாவின் தோள் மட்டும் நினைவிருக்கிறது என்றார், மூச்சு இழுக்கும்போது அது எப்படி உயர்ந்தது என்பது. ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனியாகப் பாடத் தடை வந்து இப்போது 39 வருடம் ஆகிறது.

இரவு தங்கை வீட்டில் தொலைக்காட்சியில் ஒரு சந்தூர் இசை. திரையில் அருவி, பூந்தொட்டி, மறுபடி அருவி. வாத்தியத்தைக் காட்டமாட்டார்கள், அது அரசுத் தொலைக்காட்சியின் வழக்கம். வாசிக்கும் கையைப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை சந்தூர் கேட்டு வளர்ந்திருக்கிறது.

நான்காம் நாள், செவ்வாய்

இன்று முழுவதும் காத்திருந்தோம்.

வியாழக்கிழமை கச்சேரி. செவ்வாய் காலை வரை அனுமதி வரவில்லை. மொஜவ்வெஸ் என்கிறார்கள் அதை. பாடும் சொற்களுக்குத் தனி அனுமதி, இசைக்குத் தனி, நடக்கும் இடத்துக்குத் தனி, வாசிப்பவர்களின் பெயர்ப்பட்டியலுக்கு ஒன்று. சொற்கள் பழைய பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கஸல் ஒன்று, அதனால் அது சீக்கிரம் கிடைத்துவிட்டதாம், ஹாஃபிஸை யார் மறுப்பது. மற்றவை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன. எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. ஒன்பது மணிக்குப் போனோம், நான் வெளியே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓஸ்தாத் ஒரு மணிக்கு வந்தார், நாளைக்கு வரச் சொன்னார்கள் என்றார், தேநீர் குடித்தார், இரண்டு மணிக்கு மறுபடி உள்ளே போனார். நாலரைக்கு வந்தார். நாளைக்குத்தான்.

ஏன் இந்த வியாழன், இன்னும் ஒரு மாதம் தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நாட்காட்டியை எடுத்தார். முஹர்ரம் பத்துக்கு முன்பின் எதுவும் கூடாது, அது செப்டம்பரில் முடிந்தது. மாதக் கடைசியில் அர்பயீன் என்ற நாற்பதாம் நாள் துக்கம், அதைத் தொடர்ந்து ஸஃபர் மாத இறுதித் துக்க நாட்கள். நடுவில் கிடைக்கும் இந்த இடைவெளிக்குள் எல்லா அரங்கங்களும் எல்லாக் குழுக்களும் நெருக்கியடிக்கின்றன. அடுத்தது நபியின் மகள் ஃபாத்திமாவுக்கான துக்க நாட்களான ஃபாத்திமிய்யா, அப்புறம் ரமலான். எல்லாம் சந்திரமானம் என்பதால் வருடாவருடம் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். பருவத்தை வைத்துக் கச்சேரி போடும் ஊர்க்காரி நான். இவர் பிறையை வைத்துப் போடுகிறார்.

ஒத்திகையில் ஒருவர் 2015 நவம்பரில் நடந்ததைச் சொன்னார். உலகக் கிளப் மல்யுத்தப் போட்டியின் தொடக்க விழாவில் தேசிய கீதம் வாசிக்கத் தெஹ்ரான் சிம்பொனி போயிருந்தது. குழுவில் பெண்கள் இருக்கிறார்கள், மேடை ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். அப்போதைய நடத்துநர் அலி ரஹ்பரி, இவரும் வியன்னாவில் படித்து ஐரோப்பாவில் பெயர் பெற்றுவிட்டுத் திரும்பி வந்தவர்தான், பெண்கள் இல்லாமல் வாசிக்க முடியாது என்று சொல்லி மொத்தக் குழுவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த வருடம் பதவியிலும் இல்லை. சொன்னவர் ஒரு ஆண், ட்ரம்பெட் வாசிப்பவர். சொல்லி முடித்ததும் எதிரே இருந்த பெண்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை, ஒருத்தி மட்டும் ஸ்டாண்டை உயரம் சரிசெய்துகொண்டாள்.

இரவு பத்துக்கு முடித்தோம். கொரோன் இன்றைக்கு எனக்கு மூன்று தடவை வீடு போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள், புதன்

அனுமதி வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு. என் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. வெளிநாட்டவர் மேடை ஏற வேறு ஒரு வழிமுறை, அதற்கு நேரம் இல்லை. ஓஸ்தாத் என்னிடம் சொல்ல மிகவும் தயங்கினார். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆறு மாதம் அந்த வயோலாத் தனிப்பகுதியைப் பழகியிருக்கிறேன். இனி அதை என் பக்கத்து இருக்கைப் பெண் வாசிப்பாள். அவளுக்கு நாளை இரவுவரை நேரம்.

காலையில் தஜ்ரீஷ் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் வலியஸ்ர் சாலை, இருபுறமும் சினார் மரங்கள், ஓரத்தில் வாய்க்காலில் மலைத்தண்ணீர். ஸஹீருத்தௌலே கல்லறைத் தோட்டம். கதவு சாத்தியிருந்தது, தட்டிக் காத்திருந்தோம், திறந்தார்கள். கவிஞர் ஃபோரூக் ஃபரோக்ஸாத்தின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. நாங்கள் போனது பாடகி கமர் உல்-முலூக் வஸீரியின் கல்லறையைப் பார்க்க.

1924-இல் லாலெஸார் தெருவிலிருந்த கிராண்ட் ஹோட்டலில், ஆண்களும் இருந்த அவையில், முக்காடு இல்லாமல் மேடையில் நின்று பாடியவர் கமர். ஈரானில் அப்படிப் பாடிய முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். 1959-இல் இறந்தார். வஸீரி என்பது பிறந்த வீட்டுப் பெயர் இல்லை, அலி நக்கி வஸீரியின்மேல் கொண்ட மரியாதையால் எடுத்துக்கொண்டது. இந்த அலி நக்கி வஸீரி யார் என்றால், ராணுவக் கர்னலாக இருந்த தார் கலைஞர், முதல் உலகப் போர் முடிந்ததும் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் போய் இசை படித்துவிட்டு 1923-இல் தெஹ்ரானுக்குத் திரும்பியவர். திரும்பியதும் இசைப் பள்ளி தொடங்கினார், மாணவர்களை வைத்தே ஆர்கெஸ்ட்ரா கட்டினார். நான் மூன்று நாளாக மல்லுக்கட்டும் அந்தக் கொரோன் குறியே அவர் உண்டாக்கியதுதான். ஓஸ்தாத் கல்லறை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து சருகுகளைக் கையால் ஒதுக்கினார். "நான் புதிதாக எதையும் செய்யவில்லை தொக்தரம். அவர் போன வழியில் நூறு வருடம் கழித்துப் போகிறேன். அவருக்காவது கமர் இருந்தார்."

அங்கே உட்கார்ந்துதான் ஏழு குரல்களைப் பற்றிச் சொன்னார். படைப்பின் கடைசிப் பகுதி ஹாஃபிஸ் வரிகளை ஒரு பெண் பாடுவதாகத்தான் வியன்னாவில் இருந்தபோது எழுதினார். இங்கே ஆண்கள் இருக்கும் அவையில் ஒரு பெண் தனித்துப் பாட முடியாது, சேர்ந்து பாடலாம். இங்கே பலரும் செய்வது, கூடவே ஒரு ஆண் குரலைச் சேர்த்துவிடுவது, அல்லது அந்த வரியைக் கமான்சேக்குக் கொடுத்துவிடுவது. இவர் ஏழு பெண்களைத் தேடிப் பிடித்தார். ஏழு பேரும் ஒரே வரியை ஒரே சுருதியில் பாடுகிறார்கள், ஆனால் மூச்சு விடும் இடம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு, தாளிலேயே எழுதிவிட்டார். யாரும் யாரோடும் சேர்ந்து மூச்சு வாங்கமாட்டார்கள். அதனால் வரி அறுவதே இல்லை. தனி ஒரு மனுஷியால் அப்படிப் பாட முடியாது, எப்படியும் ஒரு இடத்தில் மூச்சு இழுத்தாக வேண்டும்.

ஒத்திகையில் கேட்டிருக்கிறேன், அவ்வளவு அழகு. அதை நேரில் அவரிடம் சொன்னேன், பின்னாலேயே இன்னொன்றையும் சொன்னேன். இது அழகாக இருப்பதால் தடை சரி என்று ஆகிவிடாது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு "கட்டுப்பாடு இருந்தால்தான் கலை வளரும்" என்று பேசுவார்கள், எனக்கு அது ஆத்திரமாக வரும் என்றேன். ஏழு பேரில் ஒருத்தி இருக்கிறாள், 32 வயது, அவள் குரலைத் தனியாகக் கேட்டால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். அவள் தனியாகப் பாடுவது பெண்கள் மட்டும் இருக்கும் அவையில்தான். அவளுடைய அப்பா அவள் பாடி மேடையில் கேட்டதே இல்லை. இதற்கு எந்த ஓஸ்தாத்தும் ஈடு எழுத முடியாது.

அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தனிக்குரலுக்கு எழுதிய தாளும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவில்லை" என்றார்.

சாயங்காலம் முழுவதும் அந்த 19 வயதுப் பெண்ணோடு உட்கார்ந்தேன். என் விரல் குறிப்புகள், வில் எங்கே திருப்புவது, எல்லாம் அவள் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். கொரோன் இருக்கும் இடங்களில் ஒன்றும் எழுதவில்லை.

ஆறாம் நாள், வியாழன்

சின்ன அரங்கம், 240 இருக்கை, எல்லாம் நிறைந்துவிட்டது. வாரக்கடைசி என்பதால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள், கைக்குழந்தையோடு கூட. நான் ஆறாவது வரிசையில், ஒருபுறம் ஓஸ்தாத்தின் தங்கை, மறுபுறம் யாரோ ஒரு பெரியவர். மேடையில் என் இருக்கை எங்கே இருந்திருக்கும் என்று கண் தானாகத் தேடியது.

சுருதி சேர்க்க ஓபோ ஏ கொடுத்தது. எல்லோரும் சேர்த்தார்கள். அப்புறம் படைப்பு தொடங்கி முழுவதும் அந்த ஏ-யை யாரும் தொடவில்லை.

முதல் பகுதி கொஞ்சம் பதற்றமாகப் போனது, ஹார்ன் ஒரு இடத்தில் தவறியது, இரண்டாம் வயலின்கள் அவசரப்பட்டார்கள். எனக்குக் கால் கட்டைவிரல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. இரண்டாம் பகுதியில் வயோலா. அவள் வில்லை எடுத்து வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் எழுதிக் கொடுத்த வில் திருப்பத்தை அவள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வில் முழுக்க இழுத்துக்கொண்டே போனாள், நான் இரண்டாக உடைத்த இடத்தை. அது சரியாக இருந்தது, நான் வாசித்திருந்தால் அப்படி வந்திருக்காது. கொரோன் வந்தது. நின்றது. பக்கத்தில் இருந்த பெரியவர் வாய்க்குள்ளேயே "பஹ், பஹ்" என்றார், நம் ஊரில் சபாஷ் சொல்வது போல.

கடைசிப் பகுதிக்கு ஏழு பெண்களும் எழுந்து நின்றார்கள். வரி தொடங்கியது, நான் மூச்சு எங்கே விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன், எனக்கு அந்தத் தாள் மனப்பாடம். பார்த்தேன். ஒரு தோள் உயரும்போது மற்ற ஆறும் இறங்கியோ நிலையாகவோ இருந்தன, பிறகு அடுத்த தோள், பிறகு அடுத்தது, வரி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த 32 வயதுப் பெண்ணின் முறை வந்தபோது, அவள் மூச்சு இழுக்க விட்ட அந்த ஒரு நொடியில், குரலிலிருந்து ஏதோ ஒன்று குறைந்தது. அவ்வளவு நேரம் இருந்தது அவள் என்று அப்போது தெரிந்தது. மறுபடி வந்து சேர்ந்துகொண்டாள். அவளுடைய அப்பா அரங்கத்தில் இருந்தார் என்று பிறகு சொன்னார்கள், நான்காவது வரிசை ஓரம், சட்டையில் கறுப்புப் பித்தான் போட்ட வயதானவர். அவருக்கு அது கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. பெற்றவருக்குக் கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. ஓஸ்தாத் குனிந்து வணங்கவில்லை, குழுவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஏழாம் நாள், வெள்ளி

விமானம் இரவு. காலையில் தர்பந்த் மலைப்பாதைவரை நடந்து போய்வந்தோம், ஆஷ் ரெஷ்தே என்று நூடுல்ஸும் கீரையும் பயறும் போட்ட கெட்டி சூப் குடித்தேன், நாலு கோப்பை. கொண்டுவந்த தந்தியெல்லாம் நேற்றிரவே பங்கு போட்டு முடிந்தது, மஷ்ஹத் பெண்ணுக்கு இரண்டு செட் செல்லோத் தந்தி, ரயிலுக்குப் போகும்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அடுத்த கச்சேரி ஸஃபர் முடிந்து நவம்பர் நடுவில் கிடைத்தால் உண்டு. ஒத்திகை வழக்கம்போல ஞாயிறு ஆறரைக்கு.

விமான நிலைய வாசலில் ஓஸ்தாத் அடுத்த முறைக்கான சீட்டைக் கையில் கொடுத்தார். ஓபோ ரீட் 6. வயோலா சீ தந்தி 4. வில்லில் தேய்க்கும் ரோசின் 10. இரண்டு செல்லோ வில்லுக்குக் குதிரைமுடி. கீழே வேறு கையெழுத்தில், அந்த 19 வயதுப் பெண் எழுதியது: உங்கள் ஊர்ப் பருத்தித் துணி, கறுப்பு, 19 பேருக்கு.